கணுவின் கதை

என் தம்பியின் மகள் மென்பொருள் பொறியியலாளர். வெளிநாட்டில் தொழில் பார்ப்பவர். சென்ற மாதம் விடுமுறையில் வந்திருந்தபோது, தேநீர் அருந்திக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "பெரியப்பா, நாங்கள் நாள் முழுக்க 'நோட்', 'நோட்' எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறம். அதுக்குத் தமிழில என்ன?"

"கணு" என்றேன். கலைச்சொல் அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் காலத்துப் பௌதிகவியல் மாணவர்களும் அலைகளைப் படிக்கும்போது கணு, முரண்கணு என்றே படித்தார்கள். ஆனால் அவர் விடவில்லை. "சொல் சரி, பொருள் என்ன?" என்றார். ஒரு கணினியையும் கணு என்கிறார்கள். நிரலுக்குள் இருக்கும் ஒரு சிறு தரவுத் துண்டையும் கணு என்கிறார்கள். மின்சுற்றின் ஒரு சந்தியும் கணுதான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது எது?

நாற்பது ஆண்டுகள் செய்திகளைப் பெற்று, திருத்தி, அனுப்பிய எனக்கு அந்தக் கேள்வி எளிதாக இருக்கவில்லை. அவர் விமானம் ஏறிய பிறகும் அது என்னோடு இருந்தது. பழைய நூல்களையும் பொறியியலாளர் எழுதிவைத்த அறிக்கைகளையும் தேடிப் படித்தேன். படித்தபோது தெரிந்தது, கணுவின் கதை கணினியைவிட மிகப் பழையது என்பது. என் தொழிலில் நான் செய்த ஒரு பெரும் பிழைக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பு உண்டென்பதும் தெரிந்தது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். முடிச்சு என்பதே அதன் பொருள். ஐரோப்பிய வானியலாளர் அந்தச் சொல்லைச் சந்திரனின் பாதைக்குப் பயன்படுத்தினர். சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையைச் சந்திரனின் பாதை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. அந்த இரண்டு வெட்டுப் புள்ளிகளையும் அவர்கள் முடிச்சு என்றனர். நம் முன்னோர் அவற்றை இராகு என்றும் கேது என்றும் அழைத்தனர். அங்கே கோள் எதுவும் இல்லை, கல்லும் இல்லை. இரண்டு வழிகள் சந்திக்கின்றன என்பது மட்டுமே உண்டு. ஆயினும் கிரகணம் நிகழ்வது அந்தப் புள்ளிகளின் அருகில்தான். கணுவின் முதற் பாடம் இதுவே. அதற்கென்று தனிப்பட்ட பெருமை கிடையாது. வழிகள் சந்திப்பதால் அது முக்கியம் பெறுகிறது.

தமிழ்ச் சொல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கரும்பிலும் மூங்கிலிலும் கணு உண்டு. கரும்பை நடுகிறவர் கணுவுள்ள துண்டைத்தான் நடுவார், ஏனெனில் முளை அங்கிருந்தே கிளம்பும். காலும் பாதமும் பொருந்தும் இடத்தைக் கணுக்கால் என்கிறோம். பொருந்தும் இடம், கிளைக்கும் இடம் என்ற இரண்டு பொருளும் இந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளன. பொறியியலாளருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

இனிப் பொறியியலுக்கு வருவோம். பால்டிக் கடலோரத்தில் கோனிக்ஸ்பேர்க் என்றொரு பிரஷ்ய நகரம் இருந்தது. இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். பிரேகல் ஆறு அந்நகரை நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்தது. அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒரு பாலத்தையும் இரண்டு முறை கடக்காமல் ஏழு பாலங்களையும் நடந்து கடக்க முடியுமா என்பது அந்த ஊராரின் புதிர். லெயோனார்ட் ஒய்லர் என்னும் கணித மேதை 1735ஆம் ஆண்டு சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இதற்கு விடை சமர்ப்பித்தார். முடியாது என்பதே விடை.

விடையைவிட அவர் சென்ற வழிதான் முக்கியமானது. நிலப்பகுதியின் அளவு, வடிவம், அங்கிருந்த வீடுகள், தேவாலயங்கள் எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு நிலப்பகுதியிலும் எத்தனை பாலங்கள் வந்து சேர்கின்றன என்பதை மட்டும் எண்ணினார். ஒரு நகரின் பகுதி, கணிதத்தில் வெறும் சந்திப்பாகச் சுருங்கியது. இன்று வலையமைப்புப் பொறியியலாளர் தாளில் வட்டங்களும் கோடுகளும் வரையும்போது, அறிந்தோ அறியாமலோ அந்த ஏழு பாலங்களின் மேல்தான் நடக்கிறார்.

அதே நகரில் 1824ஆம் ஆண்டு பிறந்தவர் குஸ்தாவ் கிர்க்கோஃப். மாணவராக இருந்தபோதே, 1845ஆம் ஆண்டில், மின்சுற்றுகள் பற்றிய தமது விதிகளை வெளியிட்டார். ஒரு சந்தியை வந்தடையும் மின்னோட்டத்தின் கூட்டுத்தொகை, அங்கிருந்து வெளியேறும் மின்னோட்டத்தின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது அவற்றுள் ஒன்று. கணு எதையும் தனக்கென வைத்துக்கொள்வதில்லை, தானாக எதையும் சேர்ப்பதுமில்லை. வந்ததை அப்படியே விடும். இது மின்னோட்டத்துக்குச் சரி. செய்திக்கும் இது சரியா என்ற கேள்விக்கு வரலாறு ஏறக்குறைய 120 ஆண்டுகள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

கணினி நிரல்களுக்குள் கணு நுழைந்தது 1950களின் நடுப்பகுதியில். கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்கா நகரில் ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் உண்டு. அங்கு அலன் நியூவெல், கிளிஃப் ஷோ, ஹேர்பேர்ட் சைமன் ஆகிய மூவரும் 1955, 1956ஆம் ஆண்டுகளில் தர்க்கத் தேற்றங்களை நிறுவக்கூடிய ஒரு நிரலை உருவாக்கிக்கொண்டிருந்தனர். நினைவகத்தில் தரவுகளை அடுத்தடுத்து அடுக்கிவைக்கும் வழக்கமான முறை அவர்களுக்குப் போதவில்லை. இடையில் ஒன்றைச் செருக வேண்டுமானால் பின்னாலுள்ள அனைத்தையும் நகர்த்த வேண்டியிருக்கும். எனவே ஒவ்வொரு தரவுத் துண்டுடனும், அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்ற முகவரியையும் சேர்த்து வைத்தனர். இன்று முதலாண்டு மாணவர் படிக்கும் இணைப்புப் பட்டியல் அதுதான். அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு கணு. தன்னிடம் உள்ளது என்ன, தனக்கு அடுத்தது யார் என்ற இரண்டை மட்டுமே அது அறியும். முழுப் பட்டியலையும் அறிந்த கணு அங்கே ஒன்றுமில்லை.

அதே ராண்ட் நிறுவனத்தில் 1959ஆம் ஆண்டு சேர்ந்தவர் போல் பாரன். அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னரும் அமெரிக்காவின் தொடர்புகள் உயிரோடிருக்குமா என்பதே அவரை வாட்டிய கேள்வி. அன்றைய தொலைபேசி அமைப்பு பெரிய இணைப்பகங்களை நம்பியிருந்தது. சில இணைப்பகங்களை அழித்தால் நாடே ஊமையாகிவிடும். பாரன் 1964ஆம் ஆண்டு பதினொரு தொகுதிகளாகத் தமது ஆய்வை வெளியிட்டார். அதில் மூன்று படங்கள் புகழ்பெற்றவை. முதலாவதில் எல்லாக் கோடுகளும் ஒரே மையத்தில் சேரும். இரண்டாவதில் பல சிறு மையங்கள் இருக்கும். மூன்றாவது மீன்வலை போன்றது. அதில் மையமே கிடையாது. ஒவ்வொரு கணுவும் பக்கத்திலுள்ள சில கணுக்களோடு மட்டும் இணைந்திருக்கும்.

பாரன் கண்டறிந்த ஓர் உண்மை வியப்பைத் தருவது. வலையைத் துண்டாகாமல் இணைத்து நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த கோடுகளின் எண்ணிக்கையைப்போல மூன்று, நான்கு மடங்கு கோடுகள் இருந்தாலே போதும். கணுக்கள் பல அழிந்த பின்னரும் எஞ்சியவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எஃகுக் கோட்டைபோல ஒரு நிலையத்தைக் கட்டத் தேவையில்லை. மலிவான, பழுதாகக்கூடிய கணுக்களைக் கொண்டே நம்பகமான வலையைப் பின்னலாம். ஆயினும் அமெரிக்காவின் பெரும் தொலைபேசி நிறுவனம் இதை ஏற்கவில்லை. பாரனின் திட்டம் அவர் எழுதியபடி கட்டப்படவேயில்லை. கடலுக்கு அப்பால் பிரித்தானியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் டொனால்ட் டேவிஸ் 1965ஆம் ஆண்டு, பாரனை அறியாமலே, இதையொத்த முடிவுக்கு வந்தார். செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும் முறைக்குப் பொதி என்ற பெயரைச் சூட்டியவர் அவரே.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். இணையத்தின் தாயான ஆர்பாநெற், அணுப்போருக்குத் தாக்குப்பிடிக்கக் கட்டப்பட்டது என்று பத்திரிகைகளில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. நானும் ஒருமுறை அப்படி எழுதியவன். உண்மை அதுவன்று. பென்டகனில் பொப் டெய்லர் என்ற அதிகாரியின் அலுவலகத்தில் மூன்று கணினிகளோடு பேசுவதற்கு மூன்று தனித்தனி முனையங்கள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேச வழியில்லை. விலையுயர்ந்த கணினிகளைப் பலரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே 1966ஆம் ஆண்டு அவர் அந்த வலையமைப்புக்குப் பணம் பெற்றார்.

அடுத்த ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் கூட்டம் நடந்தது. பல்கலைக்கழகங்களின் கணினிப் பொறுப்பாளர்கள் முகம் சுளித்தனர். பிறருடைய செய்திகளைக் கடத்தும் வேலைக்குத் தங்கள் கணினியின் நேரத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர்களது கேள்வி. அப்போது வெஸ்லி கிளார்க் என்ற பொறியியலாளர் ஒரு யோசனை சொன்னார். பெரிய கணினிகளைத் தொடாமல் விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிறு கணினியை வையுங்கள். கடத்தும் வேலையை அந்தச் சிறு கணினிகள் தமக்குள் பார்த்துக்கொள்ளட்டும். திட்டத்தை நடத்திய லாரி ரொபேர்ட்ஸ் அதை ஏற்றார்.

கணுவின் வரலாற்றில் இது பெரிய திருப்பம். செய்தியின் சொந்தக்காரர் வேறு, செய்தியைக் கடத்துபவர் வேறு என்று அன்று பிரிந்தது. மசசூசெட்ஸ் மாநிலத்தின் பிபிஎன் நிறுவனம் அந்தச் சிறு கணினிகளைச் செய்து கொடுத்தது. ஹனிவெல் நிறுவனத்தின் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்துச் செய்த அது, குளிர்சாதனப் பெட்டியின் உயரம் இருந்தது. முதலாவது, லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு, பேராசிரியர் லெனார்ட் கிளைன்ரொக்கின் ஆய்வுகூடத்துக்கு, 1969 ஓகஸ்ட் இறுதியில் வந்திறங்கியது. இரண்டாவது ஒக்டோபரில் ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்துக்குப் போனது.

1969 ஒக்டோபர் 29 இரவு 10.30 மணியளவில், சார்லி கிளைன் என்ற மாணவர் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து, சுமார் 500 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த கணினிக்குள் நுழைவதற்கான சொல்லைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். முதல் எழுத்து போய்ச் சேர்ந்தது. இரண்டாவதும் சேர்ந்தது. மூன்றாவதில் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின் மீண்டும் முயன்று வெற்றி பெற்றனர். அந்த ஆண்டின் இறுதியில் சாந்தா பார்பராவும் யூட்டாவும் சேர நான்கு கணுக்கள் ஆயின. அந்த நாலில் தொடங்கியதுதான் இன்று நம் கைபேசிவரை வந்து நிற்கும் வலை.

அந்தக் கணுக்கள் எப்படி வேலை செய்தன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் என் தொழிலின் முகத்தைக் கண்டேன். ஒரு பொதி வந்ததும் கணு அதை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். வழியில் எழுத்து ஏதும் சிதைந்ததா என்று ஒரு சோதனை எண்ணைக் கொண்டு கணக்குப் பார்க்கும். சிதைந்திருந்தால் எறிந்துவிடும். சரியாக இருந்தால் மட்டுமே, பெற்றேன் என்று அனுப்பிய கணுவுக்குச் சொல்லும். அந்தப் பதில் கிடைக்கும்வரை அனுப்பியவர் தம் பிரதியை அழிக்கமாட்டார். பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்புவார். பெறு, வைத்திரு, சரிபார், பின் கடத்து. ஒரு செய்தி ஆசிரியருக்கு முதல் நாளில் சொல்லிக் கொடுக்கும் பாடமும் இதுவன்றோ!

எந்த வழியால் கடத்துவது என்பது அடுத்த கேள்வி. ஆரம்பத்தில் ஒவ்வொரு கணுவும், தான் எந்த இடத்துக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும் என்று தன் அயலவருக்குச் சொல்லும். அயலவர் சொன்னதை நம்பி அவர்களும் தங்கள் கணக்கை மாற்றுவர். ஊர்க் கிணற்றடியில் செய்தி பரவுவது போன்ற முறை. அதில் பிழைகள் சுற்றிச் சுற்றி வந்தன. எனவே 1979ஆம் ஆண்டு முறையை மாற்றினர். ஒவ்வொரு கணுவும் தன் சொந்தக் கோடுகளின் நிலையை மட்டும் அறிக்கையாக எழுதி வலை முழுவதற்கும் பரப்பும். எல்லோருடைய அறிக்கையையும் பெற்று, ஒவ்வொரு கணுவும் வலையின் முழு வரைபடத்தைத் தானே வைத்துக்கொள்ளும். அதன் மீது மிகக் குறுகிய வழியைத் தானே கணக்கிடும்.

அந்தக் கணக்கு டச்சுக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவினுடையது. 1956ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாமில் ஒரு கோப்பிக் கடையில் தம் வருங்கால மனைவியோடு அமர்ந்திருந்தபோது, சுமார் இருபது நிமிடங்களில், தாளும் பேனையும் இன்றி மனத்திலேயே அதைக் கண்டறிந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். ஒரு புதிய கணினியைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக, நெதர்லாந்தின் 64 நகரங்களுக்கிடையே குறுகிய வழியைக் காண அது பயன்பட்டது. இருபதாண்டுகளுக்குப் பின் அமெரிக்க வலையின் ஒவ்வொரு கணுவுக்குள்ளும் அது குடியேறியது.

இனி 1980 ஒக்டோபர் 27. அன்று ஆர்பாநெற் முழுவதும் சில மணி நேரம் செத்துக் கிடந்தது. குண்டு விழவில்லை, எவரும் கோட்டை அறுக்கவுமில்லை. ஒரு கணுவின் நிலையறிக்கை, நினைவகப் பழுதினால் இலக்கங்கள் உதிர்ந்து சிதைந்தது. அறிக்கைகளுக்கு 0 முதல் 63 வரை வரிசை எண் இடுவது வழக்கம். 63க்குப் பின் மீண்டும் 0 வரும். கடிகாரம் போன்ற சுற்று அது. இரண்டு அறிக்கைகளில் எது புதியது என்பதை, அந்தச் சுற்றில் எது முன்னால் நிற்கிறது என்று பார்த்துக் கணு முடிவு செய்யும். அன்று ஒரே கணுவின் பெயரில் மூன்று அறிக்கைகள் உலாவின. அவற்றின் எண்கள் 44, 40, 8. இருமக் குறியீட்டில் ஓரிலக்கம் உதிர்ந்தால் 44 என்பது 40 ஆகும். இன்னோரிலக்கம் உதிர்ந்தால் 40 என்பது 8 ஆகும். சுற்றுக் கணக்கின்படி 40ஐவிட 44 புதியது. 8ஐவிட 40 புதியது. 44ஐவிட 8 புதியது!

விளைவு என்ன? ஒவ்வொரு கணுவும் ஒன்றைப் பெற்று, இது புதியது என்று எண்ணி ஏற்று, அயலவருக்கு அனுப்பியது. அடுத்தது வந்ததும் அதுவும் புதியதாகத் தெரிந்தது. மூன்றும் முடிவின்றிச் சுழன்றன. கணுக்கள் வேறெந்த வேலையும் செய்ய முடியாமல் அந்த மூன்று பொய் அறிக்கைகளையே கடத்திக்கொண்டிருந்தன. பழுதுற்ற கணுவை நிறுத்தியும் பயனில்லை. பொய் ஏற்கனவே எல்லோர் வீட்டிலும் இருந்தது. கடைசியில் அந்தக் கணுவின் பெயரில் வரும் அறிக்கைகளைப் புறக்கணிக்குமாறு மற்றக் கணுக்களின் மென்பொருளைத் திருத்திய பிறகே வலை உயிர்பெற்றது.

பிபிஎன் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ரோசன் அடுத்த ஆண்டு இதை நேர்மையோடு எழுதி வெளியிட்டார். அதைப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கோட்டின் வழியே வரும் பொதியைக் கணு சரிபார்த்தது. தன் நினைவகத்தில் இருக்கும்போது அது சிதைந்ததா என்பதை மட்டும் சரிபார்க்கவில்லை. வழியைச் சந்தேகித்த கணு தன்னைச் சந்தேகிக்கவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். 1990இல் மீண்டும் போர் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற் போயின. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து, வவுனியா வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தனர். செய்தியும் அவர்களோடுதான் வந்தது. சட்டைப்பையில் மடித்த கடிதமாகவும் வாய்ச்சொல்லாகவும் வந்தது. நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் இரவுப் பணியில் இருந்தேன்.

ஓர் இரவு வவுனியாவிலிருந்து எமது நிருபர் தொலைபேசியில் சொன்னார். வடமராட்சியில் ஷெல் விழுந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இறந்துவிட்டார் என்றும், பெயர் இன்னதென்றும் சொன்னார். ஒருவர் சொல்லை மட்டும் நம்பி மரணச் செய்தி போடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். காத்திருந்தேன். மறுநாள் குடாநாட்டிலிருந்து வந்த ஒரு வியாபாரி அலுவலகத்துக்கே வந்து அதே செய்தியை, அதே பெயரைச் சொன்னார். இரண்டு பேர், இரண்டு வழி. போதும் என்று அச்சுக்குக் கொடுத்தேன்.

ஏறக்குறைய மூன்று வாரங்களின் பின் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். அந்த ஆசிரியரின் மகள். வெள்ளவத்தையில் இருந்தவர். கையில் ஒரு கடிதம். தந்தை தம் கைப்பட எழுதி, படகு வழியாக அனுப்பியது. செய்தி அச்சான நாளுக்குப் பிந்திய திகதி அதில் இருந்தது. இறந்தவர் பக்கத்து ஊரைச் சேர்ந்த அதே பெயருடைய இன்னொருவர். எங்கள் செய்தியைப் படித்து அந்தக் குடும்பம் கிரியைகள் எல்லாம் செய்து முடித்திருந்தது. அவர் சத்தமிடவில்லை. கடிதத்தை என் மேசையில் விரித்துவைத்தார். "அப்பா இருக்கிறார். நீங்கள் இன்னும் ஒருக்கால் விசாரிச்சிருக்கலாம், ஐயா" என்றார். அந்த மெல்லிய குரல் இன்றும் என் காதில் உண்டு.

பின்னர் விசாரித்தேன். எமது நிருபரும் அந்த வியாபாரியும் ஒரே படகில் வந்த ஒரே பயணியிடம்தான் அதைக் கேட்டிருந்தனர். நான் இரண்டு வழி என்று எண்ணியது ஒரே வழி. அதை இரண்டாக எண்ணியது என் தவறு. நிருபரின் பிழையுமல்ல, வியாபாரியின் பிழையுமல்ல. அடுத்த நாளே திருத்தம் வெளியிட்டோம். ஆனால் மூன்று வாரத் துயரத்துக்குத் திருத்தம் ஏது?

ஒரே மூலத்திலிருந்து வந்த சொல் பல வாய்களில் திரும்பக் கேட்கும்போது உண்மைபோல் ஒலிக்கும் என்பதைப் பொறியியலாளரும் சிந்தித்திருக்கின்றனர். லெஸ்லி லாம்போர்ட், ரொபேர்ட் ஷொஸ்ராக், மார்ஷல் பீஸ் ஆகிய மூவரும் 1982ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினர. ஒரு நகரை முற்றுகையிட்ட பைசாந்தியத் தளபதிகள் தூதுவர் மூலமே பேச முடியும், அவர்களுள் சிலர் துரோகிகள், உண்மையானவர்கள் எப்படி ஒரே முடிவுக்கு வருவது என்பது அவர்கள் அமைத்த புதிர். தளபதி என்பது கணுவுக்கு இட்ட வேடம். அவர்கள் நிறுவிய விடை கடுமையானது. சொல்லுக்குக் கையொப்பம்போன்ற சான்று இல்லாதபோது, ஒரு பொய்யரைச் சமாளிக்க மொத்தம் நால்வராவது வேண்டும். மூவர் போதாது. மூவரில் இருவர் முரண்பட்டால், பொய் சொல்பவர் யாரென்று மூன்றாமவரால் அறியவே முடியாது. நான் இரண்டு பேரோடு நின்றுவிட்டேன். அந்த இருவரும் உண்மையில் ஒருவரே.

இதே பாடத்தை நம் நாடு இன்னொரு விதமாகவும் கற்றது. 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தை அண்டிய கடலில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தது. நாட்டின் இணையத் தொடர்பு பெருமளவு முடங்கியது. அலுவலகங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள் நல்ல நிலையில் இருந்தன. சேவை வழங்குநர்கள் பலர் இருந்தனர். வரைபடத்தில் கணுக்களுக்குக் குறைவில்லை. ஆனால் வெளியுலகுக்கான பேச்செல்லாம் அந்தக் கரையோரத்துச் சிறு இடத்தையே நம்பியிருந்தது. பாரன் 1964இல் வரைந்த மூன்றாவது படம் நம்மிடம் இருப்பதாக நினைத்தோம். இருந்தது முதலாவது படம். அதன் பின்னர் வேறு கேபிள்களும் வந்தன. அவற்றுள் ஒன்று தெற்கே மாத்தறையில் கரையேறுகிறது. இரண்டு கேபிள்கள் இரண்டு இடங்களில் கரையேறினால்தான் இரண்டு வழி என்று சொல்லலாம்.

கணுவின் பொருள் பின்னரும் மாறியது. 1974இல் வின்ற் சேர்ஃப், பொப் கான் இருவரும் வகுத்த முறையை ஆர்பாநெற் 1983 ஜனவரி 1ஆம் திகதி முழுமையாக ஏற்றது. அதன்படி, இடையிலுள்ள கணு முடிந்தவரை கடத்தும். முழுமையாக வந்து சேர்ந்ததா, சிதைந்ததா என்பதற்கான இறுதிப் பொறுப்பு இரு முனைகளிலும் உள்ள கணினிகளுக்கே. ஆர்பாநெற் 1990இல் மூடப்பட்டது. அந்தப் பொறுப்புப் பிரிவினை இன்றைய இணையத்திலும் தொடர்கிறது. இன்று பெரும் தரவு நிலையங்களில் ஆயிரக்கணக்கான இயந்திரங்களைக் கணுக்கள் என்கிறார்கள். ஒன்று செத்தால் அதன் வேலையை இன்னொன்றுக்கு மாற்றிவிட்டுத் தொடர்கிறார்கள். கணு சாகும் என்பதை ஏற்றுக்கொண்டே அமைப்பைக் கட்டுகிறார்கள். அது பாரன் கண்ட கனவு.

ஆனால் செய்தி என்று வரும்போது, இறுதிப் பொறுப்பு முனைக்குப் போய்விட்டது என்பதை நாம் இன்னும் உணரவில்லை. முன்னர் வாசகருக்கும் வதந்திக்கும் இடையில் ஓர் ஆசிரியபீடம் நின்றது. என்னைப்போல அது தவறியதும் உண்டு. இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பெறுகிறார், கடத்துகிறார். பெறுவதற்கும் கடத்துவதற்கும் நடுவில் இருந்த வைத்திரு, சரிபார் என்ற இரண்டு படிகளும் காணாமற் போய்விட்டன. ஒரே பொய் ஐந்து குழுக்களிலிருந்து வந்தால் ஐந்து சான்று என்று எண்ணுகிறோம். அன்று நான் இரண்டு என்று எண்ணியதைப்போல.

தம்பியின் மகளுக்கு இப்போது விடை எழுதியிருக்கிறேன். கணு என்பது வழிகள் பொருந்துமிடம். தானாக அதற்குப் பெருமை இல்லை. முழுவதையும் அறியும் ஆற்றலும் இல்லை. வந்ததை ஒரு கணம் நிறுத்தி, இது எங்கிருந்து வந்தது, வழியில் சிதைந்ததா, என்னிடம் சிதைந்ததா என்று பார்த்து, பின் கடத்துவதே அதன் தொழில். மின்னோட்டத்துக்கு அந்த நிறுத்தம் தேவையில்லை. மனிதரின் வாழ்வு சாவு பற்றிய சொல்லுக்குத் தேவை.

அந்த ஆசிரியர் அதன் பின்னரும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பாதை திறந்தபின் ஒருமுறை கொழும்பில் அவரைச் சந்தித்தேன். மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, தம் மரணச் செய்தியின் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தேன். படித்துப் பார்த்து, அதில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதைப் பேனையால் திருத்தி என்னிடமே தந்தார். அந்தத் தாள் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.